வந்து நாலு நாள்தான்

ஒபாமா பேசத் தொடங்கியபோது எங்கள் போறணையில் அன்றைய கடைசிப் பாணும் இறங்கிவிட்டது. அமெரிக்காவின் வெஸ்ட் பொயின்ற் இராணுவக் கல்லூரியில் 2009 டிசம்பர் 1ஆம் திகதி இரவு எட்டு மணி. மட்டக்களப்புப் பக்கம் எங்கள் ஆரையம்பதியில் மறுநாள் விடிய ஆறரை. ஆறரை என்றால் பேக்கரிக்காரனுக்கு மத்தியானம் மாதிரி. பாண் சைக்கிள்கள் றபர் சீற் போர்த்திக்கொண்டு மழைக்குள் போய்விட்டன. நான் மாப்பலகையைச் சுரண்டிக்கொண்டு றேடியோ கேட்டுக்கொண்டிருந்தேன். ஆப்கானிஸ்தானுக்கு இன்னும் 30,000 பேரை அனுப்பப் போகிறார்கள். பதினெட்டு மாதம் கழித்து, 2011 ஜூலையில், திருப்பி எடுக்கத் தொடங்குவார்கள். சுருக்கம் அவ்வளவுதான். அடுத்த செய்தி எங்கள் ஜனாதிபதித் தேர்தல். அதைப் பற்றி நான் எழுதப்போவதில்லை, யாரும் பின்னூட்டத்தில் கேட்கவும் வேண்டாம். எனக்கு இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள், ஒரு பேக்கரியும் இருக்கிறது.

அன்று பின்னேரமே கனடாவில் ஸ்காபரோவில் இருந்து மருமகன் எடுத்தான். அக்காவின் மூத்தவன். எட்டு வயதில் போனவன், இப்போது இளந்தாரி. "மாமா, கேட்டீங்களா? முப்பதாயிரம்! இனித்தான் சரியாச் செய்யப்போறாங்க" என்றான். கந்தகாரில் கனடா ஆமியும் நிற்கிறது. மூவாயிரத்துக்குக் கொஞ்சம் குறைந்த ஆட்கள்தான், ஆனால் இதுவரை 130 பேருக்கு மேல் செத்திருக்கிறார்கள். பெட்டிகள் வரும் நாளில் நெடுஞ்சாலைப் பாலங்களின் மேல் சனம் கொடி பிடித்துக்கொண்டு நிற்குமாம். இவனும் வேலைக்குப் போகிற வழியில் இரண்டு தரம் நின்றிருக்கிறான். பேச்சோடு பேச்சாக இன்னொன்றும் சொன்னான். படையின் றிசேர்வ் பிரிவில் சேருவதற்குப் படிவம் எடுத்து வைத்திருக்கிறானாம். அம்மாவுக்குத் தெரியாதாம். எனக்குத்தான் முதலில் சொல்கிறானாம்.

அக்கா என் பதிவுகளை வாசிப்பதில்லை. பாண் சுடுகிறவனுக்கு எழுத்து எதற்கு என்பது அவவின் கருத்து. அந்தத் துணிவில்தான் இதை எழுதுகிறேன்.

"அந்த முப்பதாயிரத்தையும் அனுப்பக்கூடாது மனே" என்றேன். "ஏன் மாமா?" என்றான். அந்த ஏனுக்கு அப்போது ஒன்றும் சொல்ல வரவில்லை. பன்னிரண்டு நாளாக மாவோடு சேர்த்து அதையும் குழைத்துக்கொண்டிருக்கிறேன்.

அனுப்பவேண்டும் என்பவர்கள் சொல்வதை முதலில் ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன். அங்கே தளபதியாக இருந்த ஜெனரல் மெக்கிறிஸ்டல் ஓகஸ்ட் கடைசியில் ஓர் அறிக்கை எழுதினார். செப்ரெம்பரில் அது பத்திரிகைக்குக் கசிந்தது. கூடுதல் ஆட்கள் வராவிட்டால் இந்த வேலை தோல்வியில் போய் முடியலாம் என்றார். பிறகு 40,000 பேர் கேட்டார். கேட்டதோடு நிற்கவில்லை. கவச வண்டிக்குள் குந்தியிருந்து பிரயோசனமில்லை, இறங்கிச் சனத்தோடு நிற்கவேண்டும், சனத்தைப் பாதுகாப்பதுதான் வேலை, தலிபானை எண்ணி எண்ணிக் கொல்வதல்ல என்றும் எழுதினார். புத்திசாலி மனிதர். துணை ஜனாதிபதி பைடன் பெரிய படை வேண்டாம் என்றார். காபூலில் அமெரிக்கத் தூதுவராக இருந்த ஐகன்பெரியும் வேண்டாம் என்று எழுதியது நவம்பரில் வெளியே வந்தது. அவரும் ஒரு ஜெனரல், முன்பு அதே நாட்டில் படை நடத்தியவர். ஓகஸ்ட் தேர்தலில் கள்ளவாக்கு என்று உலகமே சிரித்த ஆப்கான் ஜனாதிபதி கர்சாயை நம்பி எத்தனை பேரை அனுப்புவது? மூன்று மாதம் யோசித்து ஒபாமா இடையில் ஓர் எண்ணைப் பிடித்தார். ஏற்கெனவே நிற்கிற 68,000 பேரோடு சேர்த்தால் ஓர் இலட்சத்தைத் தொடும்.

இந்த வாதம் முழுக்கச் 'சனம்' என்ற சொல் வருகிறது. சனத்தைப் பாதுகாக்க ஆள் போதாது, சனத்தின் மனதை வெல்ல ஆள் போதாது. அந்தச் சொல் வருகிற இடமெல்லாம் எனக்கு ஒரு கூச்சம். 1987 தொடக்கம் 1990 வரை அந்தச் சனம் நான்தான். வெள்ளைக் களிசான் போட்டுக்கொண்டு சைக்கிளில் பள்ளிக்கூடம் போகிற, பதினாலு வயதுச் சனம்.

1987 ஜூலை 29 இலங்கை இந்திய ஒப்பந்தம். மறுநாளே இந்தியப் படை வந்து இறங்கத் தொடங்கியது. மாலை போட்டார்கள், ஆலாத்தி எடுத்தார்கள். அப்பா இரண்டு தட்டுப் பணிஸ் கொண்டுபோய்க் கொடுத்தார், காசு வாங்கவில்லை. ஒக்ரோபர் 10ஆம் திகதி புலிகளோடு சண்டை மூண்டது. அதற்குப் பிறகு ஒரு டிவிசன் போதாமல் இன்னொன்று, அதுவும் போதாமல் இன்னொன்று. மட்டக்களப்புப் பக்கத்துக்கு 57ஆவது டிவிசன். உச்சத்தில் வடக்கு கிழக்கு முழுக்க 80,000 பேர் அளவில் நின்றார்கள். டில்லியில் எந்த மேசையில் யார் என்ன சொல்லிக் கூட்டினார்கள் என்பதைப் பெரியவர்கள் எழுதுவார்கள். எனக்குத் தெரிந்தது பள்ளிக்கூட வழி.

வீட்டில் இருந்து பள்ளிக்கூடத்துக்கு ஒன்றரைக் கட்டை. தொடக்கத்தில் வழியில் ஒரு சென்றி, ஆமியின் காவலரண். அடுத்த தைப்பொங்கல் கழிய மூன்று. 1988 கடைசியில் ஏழு. ஒவ்வொன்றிலும் சைக்கிளை விட்டு இறங்கி, ஐம்பது யார் உருட்டிக்கொண்டு நடந்து, கொப்பிப் பையைத் திறந்து காட்டிவிட்டு, அந்தப் பக்கம் போய் ஏறவேண்டும். ஏழு தரம் இறங்கி ஏறினால் முதலாம் பாடம் முடிந்துவிடும். முதலாம் பாடம் கணிதம். நான் கணிதத்தில் பின்தங்கியதற்கு இது ஒரு காரணம் என்று இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறேன், மனைவி நம்புவதில்லை. படை இரண்டு மடங்கானால் பாதுகாப்பு இரண்டு மடங்காகும் என்று மேலே இருப்பவருக்குத் தோன்றும். றோட்டில் நிற்பவனுக்கு இறங்கி ஏறுவதுதான் இரண்டு மடங்காகும்.

பேக்கரி இரவுத் தொழில். பத்து மணிக்கு மா குழைத்துப் பொங்க வைத்தால்தான் ஒரு மணிக்குப் போறணை மூட்டலாம். ஊரடங்கு நேரத்தில் இதைச் செய்யப் பாஸ் வேண்டும். முதலில் வந்த யூனிற்றின் கப்ரன் ஒரு மலையாளி, தமிழ் தட்டுத்தடுமாறி வரும். அவர் ஆங்கிலத்தில் கைப்பட ஒரு பாஸ் எழுதித் தந்தார். இன்னாரும் இவருடைய வேலையாட்கள் மூன்று பேரும் இரவில் உள்ளே வேலை செய்யலாம், புகைபோக்கியில் புகை வந்தால் அது பாண் மட்டுமே. கடைசி வசனம் உண்மையாகவே அதில் இருக்கிறது. அவருடைய குசினிக்காரன் ஆட்டா மா கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் பாண் வாங்கிப் போவான். எங்கள் நாய் அவர்களுடைய ஜீப்பைக் கண்டால் வாலாட்டும், எங்கள் ஊர் பஸ்ஸைக் கண்டால்தான் குரைக்கும்.

சில மாதத்தில் அவர்களை மாற்றிவிட்டார்கள். புதிய யூனிற்றுக்குப் பழைய பாஸ் செல்லாது. அப்பா மறுபடி முகாம் வாசலில் போய் நின்றார். புதிய பாஸ் கிடைத்தது. அவர்களையும் மாற்றினார்கள். மறுபடி வாசல். அந்தப் பாஸ்களை எல்லாம் அப்பா ஒரு லக்ஸ்பிறே பால்மா ரின்னுக்குள் போட்டு வைத்தார். அப்பா போய்ச் சேர்ந்து ஆறு வருசம், ரின் இன்னும் கடை இறாக்கையில் இருக்கிறது. நேற்று இறக்கி எண்ணினேன், ஆறு துண்டு. ஒன்றில் எங்கள் தொழிலை 'பார்பர்' என்று தட்டச்சில் அடித்திருக்கிறார்கள். திருத்தக் கேட்டால் இதையும் பறித்துவிடுவார்கள் என்று அப்பா பேசாமல் வந்துவிட்டார். இரண்டு மாதம் முடி வெட்டுகிறவராகவே இருந்து பாண் சுட்டார்.

1988 கார்த்திகை. கூடுதலாக ஆட்கள் வந்து இறங்கியிருந்தார்கள். பேக்கரிக்கு எதிரே தென்னங்குற்றியும் மண்மூட்டையும் அடுக்கிப் புதிதாக ஒரு சென்றி முளைத்தது. மழைக்காலம், விறகு ஈரம். ஈர விறகு போறணைக்குள் வெடிக்கும், புகைபோக்கியால் பொறி பறக்கும். இரண்டரை மணிபோல அப்பா கதவைத் திறந்து தணலை இழுத்தார். உள்ளே ஒரு கட்டை 'படார்' என்றது. மேலே பொறி கிளம்பியிருக்க வேண்டும். எதிரே இருந்து மூன்று வெடி. ஒன்று கூரைத் தகரத்தில் பட்டது. ஒன்று எங்கே போனது என்று இன்றுவரை தெரியாது. மற்றது மா மூட்டையில். எல்லோரும் நிலத்தில் விழுந்து படுத்தோம். மூட்டையில் சுண்டுவிரல் அளவு ஓட்டை. அதனால் மா சத்தமில்லாமல் ஒழுகிக்கொண்டே இருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டு கிடந்தேன், வேறு பக்கம் தலையைத் திருப்பப் பயம். ஓட்டையின் மட்டத்துக்கு வந்ததும் ஒழுகுவது நின்றது.

விடிந்ததும் ஓர் அதிகாரியும், சுட்டவனும், மொழிபெயர்க்கத் தமிழ்நாட்டு ஆமிக்காரன் ஒருவனும் வந்தார்கள். சுட்டவன் என்னைவிட நாலைந்து வயது மூத்தவனாக இருப்பான். மீசை சரியாக அரும்பவில்லை. துவக்கைப் பிடித்த கை அப்போதும் நடுங்கிக்கொண்டிருந்தது. அப்பா கத்தினார். மா பாழானது, பிள்ளை உள்ளே கிடந்தது, முதல் கப்ரன் எழுதித் தந்த வசனம், எல்லாவற்றையும் கத்தித் தீர்த்தார். அந்தத் தமிழ்நாட்டுக்காரன் எதையும் மொழிபெயர்க்கவில்லை. கேட்டு முடித்துவிட்டு, மெல்லிய குரலில், தன்பாட்டில் சொன்னான்: "வந்து நாலு நாள்தான் ஆச்சு அண்ணே. பயந்துட்டான்."

அது எங்கள் வீட்டில் ஒரு பேச்சு வழக்காகவே ஆகிவிட்டது. புது வேலையாள் பாணைக் கருக்கினால் அப்பா "வந்து நாலு நாள்தான்" என்பார். அக்காவின் மாப்பிள்ளை முதல் கிழமை தாழ்வாரத்தில் தலையை இடித்துக்கொண்டபோது அம்மா அதைச் சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டா.

எட்டு வருசமாக அமெரிக்கா அங்கே நிற்கிறது என்கிறார்கள். எட்டு வருசம் நின்றது படை. ஆமி ஆள் என்றால் ஒரு வருசம், மரீன் என்றால் ஏழு மாதம், பிறகு ஆள் மாறிவிடும். எந்தப் புகை பாண், எந்தப் புகை வேறு என்று பிடிபடுகிற நேரத்தில் பெட்டி கட்டவேண்டியதுதான். செப்ரெம்பர் 4ஆம் திகதி குந்தூஸில் தலிபான் கடத்திய இரண்டு எண்ணெய் பவுசர்கள் ஆற்று மணலில் புதைந்து நின்றன. ஜேர்மன் அதிகாரி ஒருவர் விமானம் கூப்பிட்டார். எண்ணெய் அள்ள வந்து நின்ற ஊர்ச் சனமும் சேர்ந்து எரிந்தது. மேலே இருந்து பார்த்தவர்களுக்கு எல்லாம் தலிபானாகத் தெரிந்திருக்கிறது. இப்போது 30,000 புது ஆட்கள் ஒரேயடியாக வந்து இறங்கினால் அந்த நாட்டில் எத்தனை ஆயிரம் 'நாலு நாள்' ஒன்றாக நிற்கும் என்று யோசியுங்கள்.

செலவுக் கணக்கும் வேடிக்கைதான். இந்தக் கூடுதல் படைக்கு முதல் வருசம் ஏறக்குறைய 3,000 கோடி டொலர் போகும் என்று ஒபாமாவே சொன்னார். தலைக்குப் பத்து இலட்சம் டொலர், எங்கள் காசில் 11 கோடிக்கு மேல். சம்பளமா அவ்வளவும்? கடல் இல்லாத நாடு. சாமான் கராச்சியில் இறங்கி லொறியில் மலை ஏறிப் போகவேண்டும். தூரத்து முகாம்களுக்கு ஒரு கலன் எண்ணெய் போய்ச் சேர 400 டொலர் வரை ஆகிறதாம். லொறிக்குக் காவல், காவலுக்கு எண்ணெய், அந்த எண்ணெய்க்கு இன்னொரு லொறி.

இதன் சின்னப் பதிப்பை நான் பார்த்திருக்கிறேன். காலையில் கல்முனை றோட்டின் இரண்டு கரையாலும் வரிசையாக நடந்து கண்ணிவெடி பார்ப்பார்கள். அது முடியும்வரை பஸ் ஓடாது, பாண் சைக்கிளும் போகாது. ஆட்கள் கூடினால் அவர்களுக்குச் சாப்பாடு கொண்டுவருகிற ட்ரக் கூடும், ட்ரக் கூடினால் வெடிக்குப் பயம் கூடும், நடையும் கூடும். எட்டு மணிக்குத் திறந்த றோட்டு பத்து மணிக்குத் திறக்கத் தொடங்கியது. பத்து மணிக்குப் பாண் யாருக்கு வேணும்? மிஞ்சியதை முகாமுக்கே விற்றோம். அதனால் நாங்கள் யாருடைய ஆட்கள் என்று வேறு சிலர் எங்களைக் குறித்து வைத்தார்கள். அந்தக் கதையை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்வோம்.

மருமகனுக்கு எண் பிடிக்கும், அதனால் எண்ணாலும் ஒன்று. அமெரிக்க ஆமியே 2006 இல் வெளியிட்ட கைநூல் ஒன்று இருக்கிறது, கிளர்ச்சியை அடக்குவது எப்படி என்று. ஆயிரம் சனத்துக்கு 20 பேராவது காவலுக்கு வேண்டும் என்கிறது. ஆப்கானிஸ்தானில் 280 இலட்சம் சனம் என்று வைத்தால் 5,60,000 பேர். அமெரிக்கர் ஓர் இலட்சம், நேட்டோவின் மற்ற நாட்டவர் 40,000 அளவில், உள்ளூர் இராணுவமும் பொலிஸும் சேர்த்து இரண்டு இலட்சத்துக்குக் கிட்ட. கூட்டிப் பார்த்தால் இரண்டு இலட்சத்துக்கு மேல் குறைகிறது. "அப்ப இன்னும் அனுப்பணும் என்டுதானே வருது?" என்று அவன் கேட்பான், எனக்குத் தெரியும். சரி, எங்கள் கணக்கைப் போடுவோம். 1981 குடிசன மதிப்பீட்டில் வடக்கும் கிழக்கும் சேர்ந்து ஏறக்குறைய 21 இலட்சம் பேர். வந்து நின்றது 80,000. ஆயிரத்துக்கு 38. கைநூல் கேட்பதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதுவும் பக்கத்து நாட்டில் இருந்து, கப்பலில் ஓர் இரவுத் தூரத்தில் இருந்து, எங்கள் மொழி தெரிந்த ஆட்களும் கலந்து. 1,100 பேருக்கு மேல் பறிகொடுத்துவிட்டு, 1990 மார்ச் 24ஆம் திகதி திருகோணமலையில் கடைசிக் கப்பல் ஏறினார்கள். ஜூனில் எங்களுக்கு அடுத்த யுத்தம் தொடங்கியது.

ஆனால் இதெல்லாம் அரைவாசிதான். ஒபாமா பேச்சில் என் வயிற்றைப் பிசைந்தது 30,000 அல்ல, அந்த ஜூலை.

1989 ஜூன் 1ஆம் திகதி ஜனாதிபதி பிரேமதாச, ஜூலை முடிவதற்குள் இந்தியப் படை போகவேண்டும் என்றார். அந்தத் திகதியில் அவர்கள் போகவில்லை, இழுபட்டது. ஆனால் திகதி ஒன்று வாயில் வந்ததும் ஊரில் ஆளாளுக்குக் கணக்குப் போடத் தொடங்கினார்கள். முகாமுக்குத் தேங்காய் கொடுத்தவர் கொடுப்பதை நிறுத்தினார். மொழிபெயர்த்துக்கொண்டு திரிந்தவர் குடும்பத்தோடு கொழும்புக்கு ஏறினார். அப்பா கணக்குக் கொப்பியை எடுத்து, முகாமுக்குப் பாண் கொடுத்த பக்கங்களை எல்லாம் நூல் பிரியாமல் கிழித்துப் போறணைக்குள் போட்டார். அவர்கள் எங்களுக்குத் தரவேண்டிய மூன்று கிழமைக் காசும் அதோடு போனது.

போகிறவர்கள் தங்களுக்குப் பதிலாக நிற்க உள்ளூரில் ஒரு படை வேண்டும் என்று நினைத்தார்கள். தமிழ்த் தேசிய இராணுவம் என்று பெயர். பெடியன்களைப் பிடித்தார்கள். பஸ்ஸில் பிடித்தார்கள், பந்தடிக்கிற வெளியில் பிடித்தார்கள். பிடித்தவர்கள் யார், சரியா பிழையா என்ற வாதத்துக்குள் இப்போது இறங்க விருப்பமில்லை. என் வகுப்பில் எனக்கு முன் வாங்கில் இருந்தவனை, மாட்டுக்குப் புல் அறுக்கப் போன இடத்தில் பிடித்தார்கள். இரண்டு மாதம் கழித்துப் பேக்கரிக்கு வந்தான். பச்சை உடுப்பு. கால்சட்டை அவனுக்கு அளவில்லை, கீழே இரண்டு மடிப்பு மடித்து, இடுப்பில் கயிறு கட்டியிருந்தான். துவக்கைச் சுவரில் சாத்தி வைத்துவிட்டு நாலு பணிஸ் கேட்டான். "காசு பிறகு தாறன்" என்றான். கணிதத்தில் எதுவரைக்கும் போய்விட்டார்கள் என்றும் கேட்டான். "இருபடிச் சமன்பாடு" என்றேன். "அது லேசுதானே?" என்றான். எனக்கு லேசாக இருக்கவில்லை, ஆனாலும் ஓம் என்றேன்.

இந்தியப் படை அம்பாறைப் பக்கத்தைத்தான் முதலில் காலி செய்தது, பிறகு எங்கள் பக்கம். அந்தப் பெடியன்களின் முகாம்கள் ஒவ்வொன்றாக விழுந்தன. அவன் எங்கே போனான் என்று தெரியாது. அவனுடைய அம்மா இப்போதும் படுவான்கரையில் இருக்கிறா.

அதே வருசம் பெப்ரவரி 15ஆம் திகதி சோவியத் படை ஆப்கானிஸ்தானை விட்டுப் போய் முடிந்தது. இரவு பி.பி.சி. தமிழோசையில் கேட்டது நினைவிருக்கிறது. அவர்களும் ஓர் இலட்சத்துக்கு மேல் நிறுத்தி வைத்திருந்தவர்கள்தான். "இவங்களும் போவாங்க" என்றார் அப்பா, மா குழைத்தபடி. "போகக்குள்ள, இவங்கள நம்பி நிண்டவன என்ன செய்வாங்க?" சோவியத் விட்டுப்போன ஆப்கான் ஜனாதிபதி நஜிபுல்லா, மொஸ்கோவில் இருந்து காசு வந்தவரைக்கும் நின்றார். காசு நின்றது, 1992 இல் ஆட்சி போனது.

ஒபாமாவின் திட்டத்திலும் அதுதான் முக்கியமான பகுதி. கூடுதல் படை போய் ஆப்கான் படைக்குப் பயிற்சி கொடுக்கும், பிறகு பொறுப்பைக் கையில் கொடுத்துவிட்டு வரும். திகதியும் சொல்லியாயிற்று. கந்தகாரில் எந்தக் கடைக்காரன் இப்போது எந்தக் கொப்பியில் எந்தப் பக்கத்தைக் கிழிக்கிறானோ.

ஒஸ்லோவில் வியாழக்கிழமை சமாதானப் பரிசு வாங்கியபோதும் அவர் ஒளிக்கவில்லை. தூர தேசத்துக்கு ஆயிரக்கணக்கான இளம் அமெரிக்கரை அனுப்புகிற பொறுப்பு என்னுடையது, சிலர் கொல்வார்கள், சிலர் கொல்லப்படுவார்கள் என்றார். நேர்மையான பேச்சு. ஆனால் அந்த வசனத்துக்குள் அந்த மூன்றாவது பெடியனுக்கு, கால்சட்டையை மடித்துக் கட்டியவனுக்கு, இடமில்லை.

மருமகன் பக்கத்திலும் இரண்டு கேள்வி இருக்கிறது. மழுப்பிவிட்டுப் போக ஏலாது. போன வருசம் நவம்பரில் கந்தகாரில் பள்ளிக்கூடத்துக்கு நடந்துபோன பெண்பிள்ளைகளின் முகத்தில் அசிட் வீசினார்கள். அந்தப் பிள்ளைகளில் பலர் திரும்பவும் அதே பள்ளிக்கூடத்துக்குப் போனார்கள். "அதுகளை விட்டுட்டு வாறதா மாமா?" என்று கேட்டான். என்னிடம் பதில் இல்லை. என் மூத்தவள் அடுத்த வருசம் ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் எடுக்கப்போகிறாள், அவள் போகிற வழியை நினைத்துப் பார்த்தேன். பதில் இல்லைதான். படை கூடினால் அந்த வழியில் அசிட் குறையுமா, கண்ணிவெடி கூடுமா என்று மட்டும் திருப்பிக் கேட்டேன். அவனுக்கும் தெரியவில்லை.

இரண்டாவது கேள்வி இந்த மே மாதம் இங்கே யுத்தம் முடிந்ததைப் பற்றியது. "இங்க மட்டும் ஆமியக் கூட்டித்தானே முடிச்சாங்க?" என்றான். இதற்கு நான் எழுதக்கூடிய பதில் ஒன்றுதான். அந்த ஆமிக்குத் திரும்பிப் போக வேறு நாடு இல்லை, இதுதான் நாடு. கப்பல் ஏறுகிற திகதி என்று ஒன்று அதற்குக் கிடையாது. என்ன விலைக்கு முடிந்தது என்பதெல்லாம் இப்போது எழுதுகிற விசயமா? விடுங்கள்.

நேற்றிரவு மறுபடி எடுத்தான். ரின்னில் இருந்த பாஸ்களைப் பற்றிச் சொன்னேன். பார்பர் கதைக்கு விழுந்து விழுந்து சிரித்தான். நாலு பணிஸ் வாங்கியவனைப் பற்றிச் சொன்னபோது கனநேரம் சத்தமில்லை, லைன் வெட்டுப்பட்டுவிட்டதோ என்று "ஹலோ" சொல்லிப் பார்த்தேன்.

"அப்ப நான் போனாலும் வந்து நாலு நாள்தானா?" என்றான்.

"ஓம் மனே."

"நான் அவங்கட பஷ்தூ மொழி படிச்சிட்டுப் போவன்."

"எத்தனை மாசத்தில?"

சிரித்தான், பதில் சொல்லவில்லை. பின்னால் அக்காவின் குரல் கேட்டது, இந்த நேரத்தில் யாரோடு கதை என்று. "மாமா" என்றான். போனை வாங்கி, "ரெண்டு பேருக்கும் வேற வேலையில்லையா, என்ன அப்பிடிக் கதை?" என்று கேட்டா. "ஆப்கானிஸ்தான்" என்றேன். "அங்க நமக்கு ஆரு இருக்கிறாங்க?" என்றா.

படிவம் இன்னும் லாச்சிக்குள்தான் கிடக்கிறதாம். வியாழக்கிழமை அவனுக்குச் சோதனை, முடிந்ததும் எடுப்பான். மணி ஒன்றாகப்போகிறது, போறணை மூட்டவேண்டும். நாலு நாளாக விடாத மழை, விறகு முழுக்க ஈரம்.